அக்காகிட்ட கேளுங்க: பேய்னா ஏன் பொம்பளையாவே இருக்கு?

போன இதழ்ல "பேய்க்கதை பத்தி ஏதாவது கேக்கணும்னா எழுதுங்க"ன்னு ஒத்த வரிதான் போட்டேன், வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் பத்தாது, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

எந்த நாட்டுப் பேய்க்கதைய எடுத்தாலும் விரிச்ச தலையோட ஒரு பொம்பளைதான் நிக்கிறா. ஆம்பளைங்க செத்தா பேயாக மாட்டாங்களாக்கா?
*வாசகி, தேனி*

ஆவாங்க கண்ணு, ஆனா அவங்களுக்கு கதை நீளமா வளர்றதில்ல. தாய்லாந்துல ஒரு கதை இருக்கு, அதைச் சொல்றேன், நீயே யோசிச்சுக்கோ. பேங்காக்ல பிரா கனோங்னு ஒரு பகுதி, அங்க நாக்னு ஒருத்தி, புருஷன் பேரு மாக். அவ வயித்துல பிள்ளையோட இருக்கறப்ப அவனை சண்டைக்கு கூட்டிட்டுப் போயிடுறாங்க. இங்க பிரசவத்துல தாயும் செத்து பிள்ளையும் செத்துப்போகுது. அது தெரியாம திரும்பி வர்றவன், பொண்டாட்டியும் கைக்குழந்தையும் வாசல்ல நிக்கிறதைப் பாத்துட்டு சந்தோஷமா குடும்பம் நடத்துறான். அக்கம்பக்கத்துல யார் சொன்னாலும் நம்பல. ஒருநாள் அவ மிளகா இடிச்சு துவையல் பண்ணிக்கிட்டிருக்கா, அங்க வீடெல்லாம் மரக்கால் மேல உசரமா நிக்கும், தரை பலகைதான், கையில இருந்த எலுமிச்சம்பழம் பலகை இடுக்கு வழியா நழுவி கீழ மண்ணுல விழுந்துருது. அவ எந்திரிக்கல, உக்காந்த எடத்துலருந்தே கைய நீட்டுறா, கை நீளுது, நீளுது, பலகைக்குக் கீழ போய் பழத்தை எடுத்துக்கிட்டு மேல வருது. இவன் பாத்துட்டான். அவ்ளோதான், ஓட்டம்.

எனக்கு இந்தக் கதையில ரத்தம், அலறல் எதுவும் ஞாபகம் நிக்காது, அந்த எலுமிச்சம்பழம்தான் நிக்கும். செத்த பெறகும் புருஷனுக்கு துவையல் அரைக்கிறா பாரு!

இன்னிக்கும் வாட் மகாபுட்ங்கற புத்தர் கோயில் வளாகத்துல அவளுக்கு ஒரு சன்னதி இருக்கு, பட்டுத்துணி, பிள்ளைக்கு பொம்மைன்னு கொண்டுபோய் வைக்கிறாங்க, லாட்டரி நம்பரும் கேக்குறாங்க. அங்க ஆம்பளப் பசங்களுக்கு பட்டாளத்துல சேர சீட்டுக் குலுக்கல் உண்டு, அதுல பேர் விழக்கூடாதுன்னும் இவகிட்டதான் வேண்டிக்கிறாங்க. புருஷனை சண்டைக்கு அனுப்பி நொந்தவகிட்ட கேட்டா புரிஞ்சுப்பான்னு ஒரு கணக்கு போல.

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. 1899லயே குலாப்ங்கற பத்திரிகைக்காரர் தன் பத்திரிகையில எழுதிட்டார், நாக்னு ஒருத்தி நெசமாவே இருந்தா, ஊர்த்தலைவர் மக, கர்ப்பமா இருக்கறப்ப செத்துப்போனா, ஆனா பேயெல்லாம் இல்ல, அப்பன் ரெண்டாங்கல்யாணம் பண்ணிட்டா சொத்துல சித்தி பங்குக்கு வந்துருவாளேன்னு அவ மகன்தான் பொம்பள வேஷம் போட்டு ஆத்துல போற படகு மேல கல்லெறிஞ்சு பேய்க்கதை கட்டிவிட்டான்னு. எவ்ளோ ஜோரான விளக்கம்! ஆனா ஊரு அதை கண்டுக்கவே இல்ல, பேயத்தான் வச்சுக்கிச்சு.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்தக் காலத்துல பிரசவம்ங்கறது மறுபொறப்பு, தெருவுக்கு ஒருத்தியாவது அதுல போயிருப்பா. வாழ வேண்டியவ பாதியில போயிட்டாளேங்கற குத்த உணர்ச்சி வீட்டுல இருக்கறவங்கள தூங்க விட்டிருக்காது. மெக்சிகோவுல ஆஸ்டெக் மக்கள் பிரசவத்துல செத்தவளை போர்க்களத்துல செத்த வீரனுக்கு சமமா வச்சாங்க, உச்சி வெயில்லருந்து அஸ்தமனம் வரைக்கும் சூரியனை அழைச்சுட்டுப் போறதே அவங்கதான்னு நம்பிக்கை. அவ்ளோ மரியாதை குடுத்தும், சில குறிப்பிட்ட நாள்ல அவங்க முச்சந்திக்கு எறங்கி வருவாங்கன்னு பயந்து குழந்தைகள வெளிய விடமாட்டாங்க. நம்ம ஊர்ல பிள்ளைத்தாச்சியா செத்தவ நெனைவா ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நட்டாங்க, ரெண்டு கல்லு நிறுத்தி மேல ஒரு கல்லு. எறக்கி வைக்காத சுமையோட போயிட்டா, வழியில போறவன் தலைச்சுமைய அதுல எறக்கி வச்சா அவளுக்கும் பாரம் குறையும்னு. உங்க ஊர்ப்பக்கம் ரோட்டை அகலப்படுத்தாத எடம் எங்கயாவது இருந்தா பாரு, இன்னும் நிக்கும்.

கோவக்காரி கதையும் நம்மகிட்ட இல்லாம இல்ல, பழையனூர் நீலி, புருஷன் கையால செத்தவ, அடுத்த பிறவியில அவனைத் தேடி வந்து கள்ளிக்கொம்பை பிள்ளையா இடுப்புல வச்சுக்கிட்டு "இவர்தான் என் புருஷன்"னு ஊர் நடுவுல அழுதா. அவன் உசுருக்கு நாங்க பொறுப்புன்னு அவனுக்கு வாக்கு குடுத்திருந்த எழுபது வேளாளர், அவ அவனைக் கொன்னதும் தீயில எறங்கினாங்க. ஆனா பாரு, கொலை பண்ணவன் பேர்ல ஒரு பழமொழி இல்ல, "நீலிக்கண்ணீர்"னு அவ அழுகைதான் கெட்ட வார்த்தையா நின்னுபோச்சு.

பொந்தியானாக் பேய் பேர்ல இந்தோனேசியாவுல ஒரு ஊரே இருக்காமே, உண்மையா?
*வாசகர், கிள்ளான், மலேசியா*

உண்மைதான் தம்பி, மேற்குக் கலிமந்தான்ல காப்புவாஸ் ஆத்தங்கரையில, பூமத்திய ரேகை மேலயே இருக்குற ஊர். 1771ல சரீஃப் அப்துர்ரஹ்மான் அங்க வந்து எறங்கினப்ப காட்டுக்குள்ள பொந்தியானாக் தொல்லை தாங்காம பீரங்கியால சுட்டு விரட்டினார்னு கதை. விரட்டின பேயோட பேரையே ஊருக்கு வச்சிருக்காங்க. பெருநாள் சமயத்துல ஆத்தோரமா பெரிய பெரிய மரத்தடியில செஞ்ச கார்பைட் பீரங்கி வெடிப்பாங்க, சத்தம் பயங்கரமா இருக்கும். உங்க ஊர்ல இந்தப் பேயைப் பத்தி எனக்கு சொல்லித் தரவே வேணாம், வாழமரத்தடியும் ராத்திரியில திடீர்னு வர்ற பூ வாசனையும் உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும். இவளும் பிரசவத்துல போனவதான், மேல தேனி தங்கச்சிக்கு சொன்னதைப் படிங்க.

சிரிக்க வைக்கிற பேய்க்கதை ஏதாவது இருக்கா அக்கா? பயந்து பயந்து போர் அடிச்சிருச்சு.
*வாசகர், ஈரோடு*

இருக்கே, ஜப்பான்ல. ஆனா ஆரம்பம் சோகம்தான். ஓகிகுன்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு, எஜமான் வீட்டுல பத்து தட்டு, வெலை ஒசத்தி, அதுல ஒண்ணு காணாம்னு அவ மேல பழியப் போட்டு கொன்னு கிணத்துல போட்டுடுறாங்க. ராத்திரியானா கிணத்துக்குள்ளருந்து "ஒண்ணு... ரெண்டு..."ன்னு எண்ணுற சத்தம் கேக்கும், ஒம்போது வந்ததும் பத்தாவது கிடைக்காம அலறுவா. ஹிமேஜி கோட்டைக்குப் போனா இதுதான் ஓகிகு கிணறுன்னு காட்டுவாங்க.

அங்க ரகுகோன்னு ஒரு கலை இருக்கு, ஒரே ஆள் மெத்தையில மண்டிபோட்டு உக்காந்துக்கிட்டு அத்தன பேர் குரல்லயும் பேசி கதை சொல்வார். அவங்க கையில இந்தக் கதை என்னாச்சு தெரியுமா, ஒம்போது வரைக்கும் கேட்டா செத்துருவோம், ஆறு ஏழுலயே ஓடிறணும்னு தெரிஞ்சும், பேய் ரொம்ப அழகா இருக்கான்னு வாலிபப் பசங்க கெளம்பிடுறாங்க, நாளுக்கு நாள் கூட்டம் கூடிப்போகுது, ஒரு ராத்திரி நெரிசல்ல ஓட வழியில்ல, அவ பாட்டுக்கு எட்டு, ஒம்போது, பத்து, பதினொண்ணுன்னு போய் பதினெட்டுல நிறுத்துறா. "ஏம்மா, ஒம்போதுதானே?"ன்னு ஒருத்தன் கேட்டா, "நாளைக்கு லீவு, அதான் ரெண்டு நாளுக்கும் சேத்து எண்ணிட்டேன்"ங்கறா!

சிண்ட்ரெல்லா வெள்ளக்காரங்க கதைதானே?
*பள்ளி மாணவி, மதுரை*

கண்ணாடிச் செருப்பு 1697ல பிரான்ஸ்ல பெரோ எழுதினதுல வர்றது, ஜெர்மனியில கிரிம் சகோதரர்கள் அச்சுப்போட்டது 1812ல. ஆனா சீனாவுல ஒன்பதாம் நூற்றாண்டுலயே யே ஷியன்னு ஒரு பொண்ணு சித்தி கொடுமையில கெடந்து, தங்கச் செருப்பைத் தொலைச்சு, ராஜாவைக் கட்டிக்கிட்டா. அவளுக்கு தேவதை கெடையாது, சித்தி கொன்னு தின்ன வளப்பு மீனோட முள்ளுதான் கேட்டதெல்லாம் குடுத்துச்சு.

நேராவே கேக்கறேன், நீங்க பேயை நம்புறீங்களா?
*வாசகர், திருவாரூர்*

இல்ல. ஆனா மாமியார் வீட்டுலருந்து ராத்திரி கெளம்பறப்ப கறிக்குழம்பு தூக்குக்குள்ள அத்தை ஒரு அடுப்புக்கரித் துண்டு போட்டுக் குடுப்பாங்க, வழியில ஏதும் அண்டாம இருக்கணும்னு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடி அதை நான் எடுத்து எறிஞ்சதில்ல.