படபடப்புக்கு அமுக்கரா பொடி எடுக்கலாமா? மொதல்ல தைராய்டு பாருங்க

கொருக்குப்பேட்டைல இருந்து ஒரு வாசகி, வயசு 34, கேட்டிருக்காங்க: "ரெண்டு மாசமா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை நடுங்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல. தைராய்டு கம்மின்னு 100 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுட்டிருக்கேன். ஆபீஸ்ல ஆறு டீ ஆயிடும். நரம்புத் தளர்ச்சிதான், அமுக்கரா பொடி பால்ல குடிச்சா சரியாப் பூடும்னு மாமியார் வாங்கியே வந்துட்டாங்க. தூக்க மாத்திரைன்னா எனக்கு பயம். இத எடுக்கலாமா?"

இப்போதைக்கு வேணாம்மா. நான் சித்த மருத்துவர், வண்ணாரப்பேட்டைல அமுக்கராவ, அதான் அஸ்வகந்தாவ, தினமும் எழுதிக் குடுக்குறவதான், அந்தக் கிழங்கு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, அதனாலதான் சொல்றேன். நீங்க சொன்ன படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை மூணும் தைராய்டு மாத்திரை டோஸ் உடம்புக்கு அதிகமானாலும் அப்படியே வரும். கூடவே எடை குறையுதா, புழுக்கம் தாங்க முடியலயா, அடிக்கடி வயித்தால போகுதான்னு கவனிச்சுப் பாருங்க. அமுக்கரா சில பேருக்கு தைராய்டு ஹார்மோன இன்னும் ஏத்திவிடும், ஏற்கனவே அதிகமா இருந்தா எரியுற நெருப்புல எண்ணெய ஊத்துன மாதிரி ஆயிடும்.

அதனால மொதல்ல டிஎஸ்ஹெச்னு தைராய்டுக்கான ரத்த டெஸ்ட், கூடவே ஹீமோகுளோபினும் பாத்துடுங்க, ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிச்சுக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே. டிஎஸ்ஹெச் ரொம்பக் கம்மியா வந்தா மாத்திரை அதிகமாப் போகுதுன்னு அர்த்தம், டாக்டர் டோஸ கொறைப்பாங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. டோஸ் மாத்துனா ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். நடுவுல நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தா நரம்புன்னு நெனச்சு வீட்ல உக்காராதீங்க, உடனே ஈசிஜி எடுங்க.

ரிப்போர்ட் நார்மல்னு வந்தா பதட்டம்தான்னு வச்சு வைத்தியம் பாக்கலாம். மொத வேலை டீ. ஆற ரெண்டாக்குங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல வேணாம், ஆனா ஒரே நாள்ல நிறுத்துனா தலைவலி வரும், நாளுக்கு ஒண்ணாக் கொறைங்க. காலைல தைராய்டு மாத்திரை போட்ட உடனே டீ குடிக்குற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, ஒரு மணி நேரம் போகட்டும்.

கீரைன்னா வல்லாரை வாரத்துல ரெண்டு நாள் துவையலா சாப்பிடலாம். நல்லா கழுவணும், ஈரமான எடத்துல வளர்ற கீரை, அந்த மண்ணுல என்ன இருந்தாலும் இழுத்துக்கும், அதனால எங்க வெளஞ்சதுன்னு கேட்டு வாங்குங்க. தூக்கத்துக்கு சாதிக்காய் பால்ல உரசிக் குடிக்கிறது நம்ம வீடுகள்ல பழக்கம்தான், ஆனா அது ஒரு சிட்டிகைக்குள்ள நிக்கணும், அளவு மீறுனா வாந்தியும் மனக் குழப்பமும் வந்து நெஞ்சு இன்னும் வேகமா அடிக்கும், உங்க நிலமைல இப்போ அதுவும் வேணாம். ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக்கடைல யாராவது சர்ப்பகந்தா குடுத்தா கண்டிப்பா வாங்காதீங்க, பிரஷர எறக்குற மருந்து அது, மனச்சோர்வையும் கொண்டு வரும், வைத்தியர் இல்லாம தொடவே கூடாது.

மாமியார் சொன்னது முழுசாத் தப்புன்னு நான் சொல்ல வரல. அமுக்கராவால பதட்டமும் தூக்கமும் ஓரளவு சரியாகுதுன்னு ஆய்வு இருக்கு, ஆனா முக்கால்வாசி ஆய்வு ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சது, வருஷக்கணக்கா குடிக்கலாம்னு அதுல யாரும் சொல்லல. கர்ப்பமா இருக்குறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க, கல்லீரல் கோளாறு இருக்குறவங்க தொடக்கூடாது. சுகர், பிரஷர், தூக்க மாத்திரை எடுக்குறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்கக் கூடாது. அபூர்வமா சிலருக்கு மஞ்சக்காமாலை வந்திருக்கு, சிறுநீர் கடும் மஞ்சளாப் போனா, உடம்பு அரிச்சா உடனே நிறுத்தணும். இன்னொண்ணு, கடைல அமுக்கரா சூரணம்னு விக்கிறது வெறும் கிழங்கு இல்ல, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு எல்லாம் சேந்தது, பாதிக்குப் பாதி சர்க்கரை.

தூக்க மாத்திரை பயம் எனக்குப் புரியுது, ஆனா மனநல டாக்டர்கிட்ட போனாலே தூக்க மாத்திரைதான்னு இல்லம்மா, பேசியே பதட்டத்தக் கொறைக்கிற சிகிச்சை இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு மனசு தாங்கலன்னா 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

மாமியார் வாங்குன டப்பாவத் தூக்கிப் போடாதீங்க, அவங்க மனசு கஷ்டப்படும். மூடி வைங்க, டெஸ்ட் ரிப்போர்ட்டோட அதையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய் லேபிளக் காட்டுங்க.