டயல் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை: பழைய ரிசீவரின் ரிலேயை பைபாஸ் செய்யலாமா?

கேள்வி: எங்கள் வீடு திருமங்கலம் பக்கம். அப்பா 1978-ல் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர் பத்து வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தது. சேனலுக்கு 50 வாட். இப்போது இறக்கி பிளக்கில் போட்டால் டயல் விளக்கு எரிகிறது. ஆனால் ஆன் செய்த சில நொடிகளில் முன்பு கேட்கும் 'டிக்' சத்தம் வரவில்லை, ஸ்பீக்கரும் ஊமை. "ரிலே போச்சு, பைபாஸ் பண்ணிரலாம். இல்லாட்டி உள்ள இருக்கறதை எடுத்துட்டு புது ஆம்ப் போர்டு வச்சுத் தர்றேன்" என்கிறார் மெக்கானிக். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யவிடாதீர்கள். ரிலே என்பது ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கரண்டால் இயங்கும் சுவிட்ச், அது ஒட்டும் சத்தம்தான் அந்த 'டிக்'. பைபாஸ் என்றால் அதைத் தாண்டி ஸ்பீக்கருக்கு நேராக ஒயர் கொடுப்பது. பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றி வையுங்கள்.

உங்கள் செட்டின் காலத்து ரிசீவர்களில் பெரும்பாலானவை பிளஸ், மைனஸ் என இரட்டை சப்ளையில் ஓடுபவை. 50 வாட் செட் என்றால் ஒவ்வொரு பக்கமும் 35 வோல்ட்டுக்குக் குறையாது. இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் சமமாக இழுத்துப் பிடிப்பதால் நடுவே பூஜ்யம் வோல்ட் நிற்கும். அங்கிருந்து ஸ்பீக்கருக்கு நேர் இணைப்பு. அதற்கு முந்தைய டிசைன்களில் நடுவே 2000 மைக்ரோஃபாரட் போல ஒரு பெரிய கப்பாசிட்டர் டிசி-யை (ஒரே திசையில் ஓடும் கரண்டை) தடுத்தது. இதில் அது கிடையாது. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 35 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) டிசி-க்கு 6 ஓம் அளவே தடுக்கும். கிட்டத்தட்ட 6 ஆம்பியர், 200 வாட். சில நொடிகளில் காயில் கருகிவிடும். இதைத் தடுக்கத்தான் ரிலே. அது ஒட்டவில்லை என்றால் டிசி-யைக் கண்டு நிறுத்தியிருக்கலாம், அல்லது அதை இயக்கும் சர்க்யூட்டே பழுதாகியிருக்கலாம். எது என்று மீட்டர்தான் சொல்லும். அளக்காமல் பைபாஸ் செய்வது ஃபியூஸுக்குப் பதில் கம்பி போடுவது மாதிரி.

திறப்பதற்கு முன் பின்பக்க வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். வளைகுடாவில் விற்ற செட்களில் பெரும்பாலும் 110, 120, 220, 240 என்று இருக்கும். 240-ல் வையுங்கள். நம் பக்கம் இரவில் லோடு குறைந்ததும் லைன் 240-ஐத் தாண்டுவதுண்டு. 220-ல் வைத்தால் உள் வோல்டேஜ் எல்லாம் ஏறி நிற்கும். செலக்டரே இல்லாமல் எஃப்எம் டயல் 76-ல் தொடங்கி 90-ல் முடிந்தால் அது ஜப்பான் உள்நாட்டு 100 வோல்ட் செட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

மூடியைக் கழற்றி, காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டுங்கள். பரண் சரக்கில் குளவிக் கூடும் பல்லி எச்சமும் இருக்கும். பல்லியே ஃபியூஸ் கிளிப்பில் காய்ந்து ஒட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பெரிய ஃபில்டர் கப்பாசிட்டர் இரண்டிலும் சார்ஜ் நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பால் பத்து நொடி பிடியுங்கள், பிறகு மீட்டரில் சரிபாருங்கள்.

இனி நேரடியாக மெயின்ஸில் போட வேண்டாம். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு மாட்டி, அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், அணைத்துவிடுங்கள். பல்பு வழியே வோல்டேஜ் குறைவாகப் போவதால் நல்ல செட்டிலும் ரிலே ஒட்டாமல் போகலாம். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இப்போது முக்கியமான அளவு. இதை ஸ்பீக்கர் டெர்மினலில் எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ரிலே திறந்திருக்கும்போது அங்கே எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். ஹீட்சிங்க் பக்கத்தில் சேனலுக்கு இரண்டாக வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர்கள், 0.33 அல்லது 0.47 ஓம், இருக்கும். அவை சேரும் புள்ளிதான் அவுட்புட். மீட்டரின் கறுப்பு முனை சேஸிஸில் (உலோகச் சட்டத்தில்), சிவப்பு அந்தப் புள்ளியில், டிசி ரேஞ்சில். ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். பவர் சுவிட்சிலும் மெயின் ஃபியூஸிலும் 230 வோல்ட் திறந்தபடி இருக்கும்.

இரண்டு சேனலிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஆம்ப் உயிரோடு இருக்கிறது, குறை ரிலே சர்க்யூட்டில். அதில் 47 முதல் 220 மைக்ரோஃபாரட் வரை உள்ள இரண்டு மூன்று சிறிய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள்தான் முதல் சந்தேகம். நாற்பது ஆண்டு வெயிலில் காய்ந்திருக்கும். அதே மதிப்பில், 105 டிகிரி வகையில் மாற்றுங்கள். அடுத்து ரிலே காயிலுக்கு சப்ளை தரும் ரெசிஸ்டர், அதை ஓட்டும் டிரான்சிஸ்டர். காயில் நன்றாக இருக்கிறதா என்பதை ஓம் ரேஞ்சிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு சேனலில் பத்து இருபது வோல்ட், அதற்கு மேல் காட்டினால் ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. முதலில் இரண்டு சப்ளை ஃபியூஸ்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் போயிருந்தாலும் அவுட்புட் மறுபக்கம் சாயும். பிறகு பவரை நிறுத்தி, சார்ஜை இறக்கி, அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே அளங்கள். பூஜ்யம் ஓம் என்றால் அது ஷார்ட். அதை மட்டும் மாற்றி ஆன் செய்தால் புதியதும் போகும். ஜோடியாக மாற்றுங்கள், டிரைவர் டிரான்சிஸ்டர், எமிட்டர் ரெசிஸ்டர் எல்லாம் அளந்து பாருங்கள், டிரான்சிஸ்டருக்கு அடியில் புது மைக்கா தகடு, புது ஹீட்சிங்க் பேஸ்ட் வையுங்கள். உலோக மூடி வகைக்கு எம்ஜே15003, எம்ஜே15004 ஜோடி பல செட்களில் பொருந்தும். ஆனால் சந்தையில் போலி டிரான்சிஸ்டர் ஏராளம். மதுரை டவுன் ஹால் ரோட்டில் ரிலேயும் கப்பாசிட்டரும் தேடலாம். பவர் டிரான்சிஸ்டரை மட்டும் பில் தரும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவது உசிதம்.

ஒரு வோல்ட்டுக்குள், ஆனால் சில நூறு மில்லிவோல்ட் என்று ஊசலாடினால் இன்புட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஜோடியைச் சந்தேகப்படுங்கள். 2எஸ்ஏ726 இருந்தால் கேஎஸ்ஏ992 போடலாம். கால் வரிசை ஒன்றே. போர்டில் பழுப்பாகக் காய்ந்திருக்கும் பசையையும் சுரண்டி எடுங்கள். பழசானதும் அது கரண்ட் கடத்தும், பாகங்களின் கால்களை அரிக்கும்.

பயாஸ் டிரிம்மரை, அதாவது சத்தம் இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் கரண்டை அமைக்கும் சிறு திருகை, 'சும்மா' திருகாதீர்கள். அதன் உள் தொடுப்பு விட்டுப்போனால் பல டிசைன்களில் கரண்ட் உச்சத்துக்கு ஏறி டிரான்சிஸ்டர் போய்விடும். டிரிம்மரைப் புதிதாகப் போட்டு, கரண்ட் மிகக் குறையும் முனையில் வைத்து ஆரம்பித்து, பத்து நிமிடம் சூடான பிறகு சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள். 0.47 ஓமில் 14 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லிஆம்பியர்.

ரிலே ஒட்ட ஆரம்பித்தும் குறைந்த வால்யூமில் ஒரு சேனல் காணாமல் போய், ஏற்றினால் திரும்பி வந்தால் கான்டாக்ட் கறுத்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், அதே காயில் வோல்டேஜில் புது ரிலே போடுங்கள். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் போதும். பெட்ரோல், தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுத்தம் செய்த சில நாளிலேயே திரும்ப வந்தால் அங்கே டிசி கசியலாம், முன்னால் உள்ள கப்ளிங் கப்பாசிட்டரை மாற்றுங்கள்.

புது போர்டு யோசனைக்கு வருவோம். அமெரிக்காவில் 1974-ல் வந்த விதிக்குப் பிறகு நல்ல ரிசீவர்களின் வாட் கணக்கு, இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒவ்வொன்றும் தொடர்ந்து தரும் அளவு. உங்கள் 50 வாட்டுக்குப் பக்கத்தில், அட்டையில் 1000 வாட் பிஎம்பிஓ (கண நேர உச்சத்தை வைத்துப் போடும் விளம்பரக் கணக்கு) என்று எழுதிய போர்டு நிற்காது. அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் ஹீட்சிங்கையும் இன்று அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். உள்ளே தனித்தனி டிரான்சிஸ்டருக்குப் பதில் எல்லாம் ஒரே கட்டியாக அடங்கிய எஸ்டிகே ஐசி இருந்து, அது கருகி, ஒரிஜினல் கிடைக்கவில்லை என்றால் மட்டும் புது போர்டைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லாம் சரியாகியும் சத்தம் இல்லையென்றால் டேப் மானிட்டர் சுவிட்ச் (டேப் டெக்கின் சத்தத்தை மட்டும் எடுக்க வைப்பது) உள்ளே அமுங்கியிருக்கிறதா, பின்னால் ப்ரீ-அவுட், மெயின்-இன் துளைகளை இணைக்கும் வளைந்த ஜம்பர் கம்பிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைபேசியை ஆக்ஸ்-ல் கொடுங்கள், ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோவில் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் கரண்ட் போனதும் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அப்போது அணைத்துவிடுங்கள்.

ரேடியோவில் கொடைக்கானல் எஃப்எம் 100.5 கேட்க, 300 ஓம் தட்டை ஒயரில் 1.4 மீட்டர் நீளத்துக்கு டி வடிவ ஆன்டெனா கட்டி, வடகிழக்கு தென்மேற்காக விரித்து, முடிந்தவரை உயரத்தில் மாட்டுங்கள்.