எம்டி சால்னா சைவம் இல்லைங்க!

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஈரோடு வருகிறோம். திங்கள் முதல் புதன் வரை தங்கல். நானும் என் மாமியாரும் சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. "ஈரோடா? அது கறி ஊராச்சே! மூணு நாளும் பன்னும் பழமும்தான்" என்று எதிர்வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். நிஜமாகவே அப்படித்தானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

எதிர்வீட்டுக்காரர் கடைப் பலகைகளை மட்டும் படித்துவிட்டுப் போனவர் போலிருக்கிறது. நான் இந்த ஊரில் ஐம்பது வருடமாகக் கறி சாப்பிடாமல் இருக்கிறேன். ஆளும் ஒன்றும் இளைத்துவிடவில்லை. வீட்டில் மற்ற ஐந்து பேரும் கறி சாப்பிடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்பில் இரண்டு குழம்பு கொதிக்கும். என் கரண்டியின் காம்பில் அடையாளத்துக்கு மஞ்சள் நூல் சுற்றியிருக்கும். ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள், அது தனிக்கதை.

முதலில் ஒரு வார்த்தையைச் சரிசெய்துகொள்ளுங்கள். உங்கள் பக்கம் சில வீடுகளில் வாழைக்காய்க் கறி, கத்தரிக்காய்க் கறி என்பார்கள். இங்கே அதெல்லாம் பொரியல், வறுவல். கறி என்றால் ஆடு, அவ்வளவுதான். உங்கள் மாமியார் பழக்கதோஷத்தில் "இன்னிக்கு என்னப்பா கறி?" என்று கேட்டுவிட்டால், பரிமாறும் தம்பி சந்தோஷமாக "சுக்கா இருக்குங்க, ஈரல் இருக்குங்க, குடல் இருக்குங்க" என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை.

அடுத்தது நேரம். கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை சாயங்காலம் சூடுபிடித்து, ராத்திரி முழுக்க நடந்து, செவ்வாய்க்கிழமைதான் ஓயும். உள்ளே போனால் வேட்டி, துண்டு, லுங்கி, பெட்ஷீட் என்று விலை பேசுவதிலேயே மணி பத்தரை ஆகிவிடும். வெளியே வரும்போது சைவ ஓட்டல்கள் பெரும்பாலும் நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருப்பார்கள். கல் சூடாக இருப்பது பரோட்டாக் கடையில் மட்டும்தான். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நானே ஒருத்தியை மாட்டிவிட்டிருக்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும், தஞ்சாவூரிலிருந்து வந்த தோழியை இப்படி ஒரு ராத்திரி ஒரு பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன். "சைவக் குருமா இருக்குங்களா?" என்று கேட்டேன். "அது இல்லைங்க, எம்டி சால்னா தாரனுங்க. பீஸ் இருக்காதுங்க" என்றார் கடைக்காரர். சரி என்று தலையாட்டிவிட்டேன். நான் பரோட்டாவுக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிற ஆள், சால்னாவைப் பற்றி யோசித்ததே இல்லை. தோழி இரண்டு பரோட்டாவை ஊறவைத்துச் சாப்பிட்டாள், மணம் பிரமாதம் என்றாள். மூன்றாவதுக்கு ஊற்றும்போது கரண்டியிலிருந்து மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளையாக ஒன்று இலையில் விழுந்தது. விரலால் புரட்டிப் பார்த்தாள். "இஞ்சியாடி?" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. எழுந்து போய்க் கைகழுவியவள் பஸ் ஸ்டாண்டு வரை பேசவில்லை. இப்போதும் போன் செய்தால் "என்னடி எம்டி, எப்படி இருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

எம்டி சால்னா என்றால் கறித்துண்டு போடாத சால்னா. பெரும்பாலும் எலும்பு வெந்த அதே அண்டாவில்தான் மொண்டு ஊற்றுவார்கள். குஸ்காவும் அப்படித்தான், பிரியாணி அண்டாவிலிருந்து துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளிய சோறு. கடைக்காரர் பொய் சொல்வதில்லை. நீங்கள் கேட்பது குழம்பை, அவர் பதில் சொல்வது துண்டை. அதனால் "கறி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இது எந்தக் குழம்பில் செஞ்சது? எந்த எண்ணெயில் பொரிச்சது?" என்று கேளுங்கள். சில்லி காலிஃபிளவர் பார்க்க அப்பாவியாக இருக்கும், பக்கத்தில் சிக்கன் பொரிந்த சட்டியிலேயே குளித்து வந்திருக்கும். வெஜ் கொத்துப் பரோட்டா முட்டை கொத்திய கல்லிலேயே கொத்தப்படும். சில கடைகளில் பரோட்டா மாவிலேயே முட்டை சேர்ப்பதுண்டு. ரசத்தைக்கூட ஒரு வார்த்தை கேளுங்கள், நாட்டுக்கோழி ரசம், எலும்பு ரசம் என்றெல்லாம் இருக்கிறது. தெருவில் கம்மங்கூழ் வண்டியைப் பார்த்து நம்பி நின்றால், மோர் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் பக்கத்துக் கிண்ணத்தில் கருவாடு இருக்கலாம். கூழ் நல்ல கூழ்தான், தொட்டுக்கொள்ள மாங்காய் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆக, திங்கட்கிழமை ஆறரை மணிக்கே டிபனை முடித்துவிட்டுச் சந்தைக்குள் போங்கள். ஊரிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்தால் அன்று ராத்திரிக்கு இன்னும் நிம்மதி. மற்றபடி பகலில் கஷ்டமே இல்லை. 'உயர்தர சைவ உணவகம்' என்று பலகை போட்ட கடைகள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் கடைவீதியிலும் இருக்கின்றன.

ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது கும்பகோணத்தில் கிடைக்கும் அதே சாம்பார், அதே கூட்டு. எனக்கு வருத்தம் அதில்தான். கொங்கு நாட்டில் நல்ல சைவச் சாப்பாடு வீட்டுக்குள் இருக்கிறது, ஓட்டல் பலகையில் ஏறுவதில்லை. கறி ஊர் என்று பேர் வாங்கியிருக்கிறோமே தவிர, பல வீடுகளில் கறி ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம் என்று கழித்துப் பார்த்தால் அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் பருப்புதான். கொள்ளைக் கடைந்து, அந்தத் தண்ணீரிலேயே ரசம் வைப்போம். தட்டைப்பயறு கடைவோம், பச்சைப்பயறு கடைவோம். சந்தகை (உங்கள் பக்கத்துச் சேவை) பிழிந்து தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் விட்டுச் சாப்பிடுவோம். கல்யாண வீட்டு விருந்தும் இங்கே சைவம்தான்.

இவற்றில் ஒன்றையாவது ருசிக்காமல் ஊர் திரும்பாதீர்கள். அரிசியும் பருப்பும் சாதம் போடும் மெஸ் இருக்கிறதா என்று லாட்ஜில் விசாரியுங்கள். "அரிசீம்பருப்பு" என்று சொன்னால் முகம் மலர்ந்து வழி சொல்வார்கள். கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட துவரம்பருப்பு. கடுகு, சீரகம், தட்டிய மிளகு, வரமிளகாய் தாளித்து, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் களைந்த அரிசியும் பருப்பும். குக்கரில் மூன்று விசில். உதிரியாக வந்தால் தப்பு, கரண்டியில் எடுத்தால் சொத்தென்று விழ வேண்டும். மேலே நெய், பக்கத்தில் தயிர், ஒரு அப்பளம். (மஞ்சள்தூள் ஈரோட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பும் நன்றாகத்தான் இருந்தது.)

உங்கள் ஊருக்கு வரும் காவிரிதான் எங்கள் ஊரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். அந்த ஊர் சிக்கனுக்குப் பேர்போனது. அதன் ரகசியத்தில் சிக்கனுக்குப் பெரிய பங்கில்லை என்பது என் கட்சி. வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, எண்ணெயில் கருகாமல் வதக்கி, சின்ன வெங்காயமும் பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காயும் சேர்ப்பதுதான் சங்கதி. கோழிக்குப் பதில் காளானைப் போடுங்கள், தண்ணீரே ஊற்ற வேண்டாம், காளான் விடும் நீரே போதும். இப்போது சில சைவ ஓட்டல்களிலும் பள்ளிபாளையம் காளான் என்று போடுகிறார்கள். உங்கள் மாமியாருக்கு மட்டும் காரம் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மன்னார்குடிக்காரன் நான், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. கூட வேலை பார்க்கும் அண்ணன் ஊர்க்கோயில் கெடா வெட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் சைவம். போகாவிட்டால் கோபித்துக்கொள்வார். போய் என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருப்பூர்

போங்க தம்பி, கட்டாயம் போங்க. கெடா வெட்டுக்குக் கூப்பிட்டால் உங்களைச் சொந்தத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று பொருள்.

ஆனால் இலையில் உட்கார்ந்தபிறகு "வேண்டாம்" என்று சொல்லி இங்கே யாரும் தப்பித்ததில்லை. அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பார்கள். முந்தின நாளே சொல்லுங்கள், அதுவும் அண்ணனிடம் இல்லை. அவர் "அட, பார்த்துக்கலாம் வா" என்பார், மறந்தும் போவார். அவர் வீட்டு அக்காவிடம் போனில் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்திலேயே மாலை போட்டவர், விரதம் இருப்பவர், வயதான அப்பத்தா என்று நாலு பேராவது கறி தொடாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு பருப்பும் ரசமும் வைப்பார்கள், அதோடு ஒரு பிடி அரிசி கூடப் போட்டுவிடுவார்கள். அப்பத்தாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள், கறி வாளி அந்தப் பக்கம் வராது.

"விரதமுங்க" என்று ஒரு பொய்யைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். உடனே வேலை செய்யும், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆனால் "விரதம் எப்ப முடியுது?" என்று கேட்டுவைத்து, முடிந்த வாரமே உங்களுக்காக ஒரு சேவலை அறுத்துவிடுவார்கள். என் தம்பி மாப்பிள்ளை ஒருத்தர் இதே மாதிரி சொல்லிவிட்டு, மூன்று வருடமாக ஏதாவது ஒரு விரதத்திலேயே இருக்கிறார்.

கேள்வி: கோயம்புத்தூர் தள்ளுவண்டிக் காளான் சைவமா?
– ஒரு வாசகி, சென்னை

அதில் காளான் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்! பெரும்பாலும் முட்டைக்கோஸ்தான் பொரிந்து, மசாலாவில் நொறுங்கி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக்கொண்டு தட்டுக்கு வருகிறது. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை, இரண்டு தட்டு சாப்பிடுவேன். வண்டியில் முட்டை அட்டை அடுக்கியிருந்தால் மட்டும் அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன். கலக்கி (அரைவேக்காட்டு முட்டை) போட்ட கல்லையே துடைத்துவிட்டு அதில் காளானைக் கிண்டுவார்கள்.