ஒரே செயல், இரண்டு தீர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வாசகர், திருச்சி): ஆண் தவறு செய்தால் பெண்ணியம் பேசுவோர் கொதித்து எழுகிறார்கள். அதே தவறைப் பெண் செய்தால் 'அது அவள் உரிமை' என்கிறார்கள். கள்ளத்தொடர்பு குற்றமாக இருந்த காலத்தில்கூட ஆணுக்குத்தான் சிறை. பெண்ணுக்குத் தண்டனையே கிடையாது. அப்படியானால் இரட்டை அளவுகோல் வைத்திருப்பது யார்?

பதில்: நீங்கள் எடுத்துக்காட்டிய சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் வாதத்துக்கு அதைவிடப் பொருந்தாத சான்று கிடைப்பது அரிது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த 497ஆவது பிரிவு, இன்னொருவருடைய மனைவியோடு அந்தக் கணவரின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்தது. அந்தப் பெண்ணைக் குற்றத்துக்கு உடந்தை என்றுகூடத் தண்டிக்கக் கூடாது என்றது. இந்த அளவில் நிறுத்திக்கொண்டால் அது பெண்ணுக்குத் தந்த சலுகை போலத்தான் தோன்றும். ஆனால் கணவர் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. மணமான ஆண் ஒருவர், மணமாகாத பெண்ணுடனோ கணவனை இழந்த பெண்ணுடனோ உறவு வைத்திருந்தால் அதுவும் குற்றமில்லை. அவருடைய மனைவி இந்தப் பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்கவும் வழியில்லை. ஆகவே அந்தச் சட்டம் காக்க முனைந்தது கணவனின் உடைமையை. களவு போன பொருளுக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை அல்லவா, அந்தக் கணக்கில்தான் மனைவி தண்டனையிலிருந்து தப்பினாள். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தப் பிரிவை ஒருமனதாக நீக்கியது. வழக்குத் தொடுத்தவர் ஓர் ஆண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகாத உறவு இன்றும் மணவிலக்குக் கேட்பதற்கு உரிய காரணமாகவே நீடிக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் அது பொது.

அந்தப் பொதுமையும் எளிதில் வந்துவிடவில்லை. கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின்படி, மனைவி வேறொருவருடன் உறவு வைத்திருந்தாள் என்று காட்டினால் கணவனுக்கு அதுவே போதுமானது. மனைவி மணவிலக்குக் கேட்டாலோ, கணவனின் தகாத உறவை மெய்ப்பிப்பதோடு நில்லாமல், அதனுடன் கொடுமையோ இரண்டாண்டுக் காலம் கைவிட்டதோ சேர்ந்திருந்தது என்றும் காட்ட வேண்டியிருந்தது. 2001இல்தான் அது திருத்தப்பட்டது. இந்துக்களிடையே, ஓர் ஆண் எத்தனை மனைவியரையும் மணக்கலாம் என்ற நிலை சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை நீடித்தது. நம் தாத்தாக்களின் காலத்தில் 'சின்ன வீடு' வைத்திருந்தவரை ஊர் பெரிய மனிதர் என்றே அழைத்தது. அந்த இரண்டாவது வீட்டில் இருந்த பெண்ணை எப்படி அழைத்தது என்பதை உங்கள் ஊர் முதியவர்களிடமே கேட்டறியலாம்.

நீதிமன்றப் படிகளிலும் இதே கதைதான். பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவளுடைய சாட்சியத்தின் நம்பகத்தைக் குலைக்க, சாட்சியச் சட்டத்தின் 155ஆவது பிரிவில் வெளிப்படையாகவே இடமிருந்தது. 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. அதற்குப் பிறகும், பெண்ணின் உடை, நடத்தை, கடந்தகாலம் ஆகியவற்றைப் பற்றித் தீர்ப்புகளில் கருத்துச் சொல்லக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. சட்டம் படித்தவர்களுக்கே இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கும்போது தேநீர்க் கடையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறவரை என்ன சொல்வது?

உங்கள் கேள்வியில் நியாயமான பாதியும் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 2018இல் பெண்கள் பலர் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளை வெளியே சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்டவர் நம் அணியா எதிரணியா என்று பார்த்துக் குரலை ஏற்றி இறக்கியவர்கள் முற்போக்காளர்களிடையிலும் இருந்தார்கள். ஒரு பெண் பொய் சொன்னாள் என்று விசாரணையில் தெளிவானால் அதைப் பொய் என்று சொல்வதில் தயக்கம் கூடாது. ஆனால், கணவனை ஏமாற்றிய ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி வந்தவுடன் 'பெண்கள் இப்போதெல்லாம் இப்படித்தான்' என்று எழுதுகிறவர், மனைவியை ஏமாற்றிய ஆணைப் பற்றிய செய்திக்குக் கீழே 'ஆண்கள் இப்படித்தான்' என்று எழுதுவதில்லை. ஆண் செய்தால் அந்த ஒருவனின் தவறு, பெண் செய்தால் பெண்குலத்தின் தவறு. நீங்கள் தேடும் இரட்டை அளவுகோலை முதலில் இங்கே தேடுங்கள்.

கேள்வி (வாசகி, மதுரை): எங்கள் தெருவில் பெண்களைப் பற்றி அதிகம் புறம் பேசுகிறவர்கள் பெண்களே. யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள், யாருடைய வண்டியில் வந்தாள் என்பதையெல்லாம் ஆண்கள் கவனிப்பதில்லை. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பது உண்மைதானே?

பதில்: நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை, அம்மா. ஆனால் அதற்கான காரணம் பகை என்று எனக்குத் தோன்றவில்லை. மகள் யாரையாவது விரும்பி மணந்துகொண்டால் முதல் ஏச்சு யாருக்கு விழுகிறது? 'நீ வளர்த்த லட்சணம்' என்று தாய்க்கு. மகன் குடித்தாலும் தாய்க்கே. மருமகள் எதிர்த்துப் பேசினால் 'உன்னால் ஒரு பெண்ணை அடக்க முடியவில்லையா' என்று மாமியாருக்கு. குடும்ப மானத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியவள் பெண், முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஆணுக்கு என்று பிரித்துவைத்தால், பொறுப்பைச் சுமப்பவள் காவல்காரியாகத்தான் மாறுவாள். ஆண்கள் கவனிப்பதில்லை என்கிறீர்கள். அவர்களுக்காகக் கவனித்துச் சொல்ல ஆள் இருப்பதால் அவர்களுக்கு அந்த வேலை மிச்சம். தெருவில் காவல் இருக்கும் அந்தப் பெண்களுக்கு இளமையில் எத்தனை மணிக்கு வீடு திரும்ப அனுமதி இருந்தது என்று ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டுப்பாருங்கள். சிலர் மழுப்புவார்கள், சிலர் நெடுநேரம் பேசுவார்கள்.

கேள்வி (வாசகர், கோவை): சமத்துவம் கேட்கும் பெண்கள் அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் பயணம் செய்வது முரண் இல்லையா? சமம் என்றால் டிக்கெட்டிலும் சமம்தானே?

பதில்: வருமானத்தில் சமமாகிவிட்டால் டிக்கெட்டிலும் சமமாக இருக்கட்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த ஐந்து மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டமோ சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்ணின் மாத வருமானத்தில் அந்தப் பேருந்துக் கட்டணம் சிறு தொகை அன்று.

திட்டம் அரசின் நிதிக்குத் தாங்குமா, வசதியுள்ள பெண்களுக்கும் தேவையா என்று வாதிடுங்கள். அது முறையான வாதம். நான் குறைகாண்பது வேறொன்றை. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் பெறும் விவசாயியை நாம் 'ஓசி' என்று அழைப்பதில்லை, அழைக்கவும் கூடாது. நில ஆவணங்களைப் பார்த்தால் அந்த நிலங்களில் பெரும்பாலானவை ஆண்களின் பெயரிலேயே இருக்கும். இலவசப் பயண அட்டை காட்டும் பள்ளி மாணவனையும் அப்படி அழைப்பதில்லை. அதே அரசின் பணத்தில் இருபது ரூபாய் மிச்சப்படுத்திக்கொண்டு ஏறும் பெண்ணை மட்டும் நிறுத்தத்தில் நிற்கவிட்டுப் பேருந்தைத் தள்ளி நிறுத்துவதும், 'ஓசி டிக்கெட்டுக்கு உட்கார இடம் வேறா' என்று கேட்பதும் நடக்கின்றன. உங்கள் கோவையின் நகரப் பேருந்து ஒன்றில் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பாருங்கள். அதற்குப் பிறகும் முரண் என்று தோன்றினால் மறுபடியும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.