மன அழுத்தம் ரத்தத்தில் தெரியுமா? கார்டிசால் சோதனை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: வயது 34. வேலையில் நெருக்கடி, இரவில் தூக்கம் சரியில்லை. நானாகவே ஒரு லேபில் 'ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' எடுத்துக்கொண்டேன். காலை 8.15 மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 31. இயல்பு அளவு 5 முதல் 25 வரை என்று போட்டு, என் எண்ணைச் சிவப்பில் காட்டியிருக்கிறார்கள். கருத்தடை மாத்திரை தவிர வேறு மருந்து கிடையாது. எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. மன அழுத்தம் உடம்பைக் கெடுக்கத் தொடங்கிவிட்டதா?

பதில்: இந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் கருத்தடை மாத்திரைதான் இங்கே முக்கியமான தகவல்.

கார்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் 90 சதவீதத்துக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. பெரும்பகுதியைச் சுமப்பது கல்லீரல் தயாரிக்கும் கார்டிசால் பிணைப்புப் புரதம். மிச்சத்தில் கொஞ்சத்தை அல்புமின் சுமக்கிறது. எதனோடும் ஒட்டாமல் தனித்திருக்கும் சிறு பங்குதான் செல்களுக்குள் போய் வேலை செய்யும். ஆனால் லேப்கள் வழக்கமாக அளப்பது எல்லாம் சேர்ந்த மொத்த அளவை. மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருந்தால் கல்லீரல் அந்தப் பிணைப்புப் புரதத்தை அதிகமாகத் தயாரிக்கும். மொத்தக் கணக்கு ஏறும். வேலை செய்யும் கார்டிசால் பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும். கர்ப்ப காலத்திலும் மொத்த அளவு இப்படித்தான் ஏறித் தெரியும். கல்லீரல் சுருக்க நோயிலும், சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போகும் நோயிலும் இதற்கு நேர்மாறு: சுமக்கும் புரதம் குறைவதால் மொத்த அளவு பொய்யாகக் குறைந்து தெரியும்.

எனவே உங்கள் 31, மாத்திரை போட்ட எண்ணாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி பார்த்தே ஆகவேண்டும் என்று உங்கள் மருத்துவர் நினைத்தால், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சுமார் 6 வாரம் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை வேறு கருத்தடை முறைக்கு ஏற்பாடு தேவை. நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லாதபோது இவ்வளவு சிரமம் அவசியமா என்பதே எங்கள் சந்தேகம்.

இன்னொரு பெரிய விஷயம். கார்டிசால் சோதனை மன அழுத்தத்தை அளக்க வந்ததல்ல. அட்ரினல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறதா, போதாமல் சுரக்கிறதா என்று கண்டுபிடிக்க வந்தது. மிகுதி என்றால் குஷிங் நோய்க்குறி: வட்டமாக உப்பிய முகம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா நிறத் தழும்புக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியாத தொடைத் தளர்ச்சி. குறைவு என்றால் அடிசன் நோய் போன்றவை: எடை இழப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பு மேல் ஆசை, உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் கருமை, ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறுவது.

நீண்ட நாள் மன அழுத்தத்தில் இருப்பவரின் காலைக் கார்டிசால் உயர்ந்தும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம், சற்றுத் தாழ்ந்தும் இருக்கலாம். 'இதற்கு மேல் போனால் மன அழுத்தம்' என்று ஓர் எல்லைக்கோடு கிடையாது. தூக்கம் கெட்டிருக்கிறது என்பதே சிகிச்சைக்குப் போதுமான காரணம். அதற்கு ரத்தம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே வாரத்தில் இரண்டு லேபில் பார்த்தேன். ஒன்றில் 11.4, இன்னொன்றில் 315. எது தப்பு?

பதில்: இரண்டும் சரி. முதலாவது மைக்ரோகிராம்/டெசிலிட்டர், இரண்டாவது நானோமோல்/லிட்டர். முதல் எண்ணை 27.6-ஆல் பெருக்குங்கள், இரண்டாவது வரும். எண்ணைப் பார்க்கும் முன் அதன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லும் எண்கள் எல்லாம் மைக்ரோகிராம் கணக்கு.

கேள்வி: சோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? எந்த நேரத்துக்குப் போவது நல்லது? நான் இரவு ஷிப்ட் வேலை செய்பவன்.

பதில்: வெறும் வயிறு பெரிய விஷயமல்ல (லேப் கேட்டால் இருந்துவிட்டுப் போங்கள்). நேரம்தான் உயிர்நாடி. கார்டிசால் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, விழித்த பிறகு முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொடும். பிறகு படிப்படியாக இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். காலை 8 மணிக்கு 12 இருந்தால் சாதாரணம். அதே 12 நள்ளிரவில் இருந்தால் விசாரிக்க வேண்டிய சமாசாரம். மாலை 4 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, காலை அளவோடு ஒப்பிட்டு 'குறைவு' என்று பயந்து வருகிறவர்கள் ஏராளம். ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில ரிப்போர்ட்டுகளில் சாம்பிள் லேபுக்கு வந்து சேர்ந்த நேரம்தான் இருக்கும், அது உதவாது.

இரவு ஷிப்ட்காரர்களுக்குக் கடிகாரத்தைவிட விழிப்பு நேரம் முக்கியம். ஷிப்ட் முடித்து, தூங்காமல் காலை 8 மணிக்கு நேராக லேபுக்குப் போகாதீர்கள். முடிந்தால் தொடர்ந்து பகல் வேலை, இரவுத் தூக்கம் என்று சில வாரம் கழிந்த பிறகு பாருங்கள். முடியாவிட்டால், தூங்கி எழுந்த நேரத்தையும் ரத்தம் கொடுத்த நேரத்தையும் மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள்.

லேபுக்கு அடித்துப்பிடித்து ஓடி, மூச்சு வாங்கக் கையை நீட்டினாலும் எண் ஏறும். கால் மணியாவது உட்கார்ந்த பிறகு கொடுங்கள். ஊசி என்றாலே மயக்கம் வருகிறவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. காய்ச்சல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி, குடி ஆகியவையும் அளவைக் கலைக்கும். அவசரம் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள்.

முடி, நகம் வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை. சில லேப் கருவிகளின் சோதனை முறையே பயோட்டினை வைத்து இயங்குகிறது. அவற்றில் கார்டிசால் பொய்யாக உயர்ந்து தெரியும். 5, 10 மில்லிகிராம் அளவில் சாப்பிடுகிறவர்கள் 2, 3 நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போகலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. மூட்டு வலிக்காக 8 மாதமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மி.கி. சாப்பிடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று கார்டிசால் பார்த்தோம், 1.9 வந்தது. ஸ்டீராய்டுதான் காரணம் என்கிறார்கள். மாத்திரையை உடனே நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. காரணம் ஸ்டீராய்டு என்பது சரி. அதனால்தான் நிறுத்தக் கூடாது.

கார்டிசாலும் ஒரு ஸ்டீராய்டுதான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி 'போதும்' என்று முடிவு செய்து, அட்ரினலை ஏவும் ஏசிடிஎச் ஹார்மோனைக் குறைத்துவிடும். ஏவுவார் இல்லாமல் அட்ரினல் சுருங்கிப்போகும். 3, 4 வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்ட யாருக்கும் இது நடக்கலாம். திடீரென்று மாத்திரையை விட்டால், உடம்பில் இரண்டு வழியிலும் ஸ்டீராய்டு இருக்காது. வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தம் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், 'இத்தனை மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டார்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்கே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும் கொடுப்பார்கள்.

தவிர, பிரெட்னிசோலோன் பல கருவிகளில் கார்டிசால் போலவே வேடம் போடும். எனவே அப்பாவின் உண்மையான அளவு 1.9-ஐவிடவும் குறைவாக இருக்கலாம். இந்த நிலையில் அந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.

முறையான வழி இது: மூட்டு நோய் அடங்கியிருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, அளவைப் படிப்படியாக இறக்கி 5 மி.கி. வாக்கில் கொண்டுவருவார். அந்த அளவிலேயே வைத்திருந்து, கடைசி மாத்திரைக்கு 24 மணி நேரம் கழித்து, அன்றைய மாத்திரையைப் போடும் முன் காலையில் ரத்தம் எடுப்பார். 10-க்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் நடுவில் என்றால் அதே அளவில் தொடர்ந்து, சில வாரங்களில் மறு சோதனை. 5-க்குக் கீழே என்றால் சில மாதம் பொறுக்க வேண்டும். சுரப்பி முழுதாகத் தேற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

மாத்திரை மட்டும் அல்ல: மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, அதிக அளவு இன்ஹேலர், தோலில் நீண்ட நாள் பூசும் வீரியமான களிம்பு எல்லாமே இந்த வேலையைச் செய்யும். 'நான் மருந்தே சாப்பிடுவதில்லையே' என்று சொல்லும் முன் களிம்பு டியூபைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: காலை 8 மணிக்கு எனக்கு கார்டிசால் 7.5. ரிப்போர்ட் 'நார்மல்' என்கிறது. மருத்துவர் இன்னொரு சோதனை வேண்டும் என்கிறார். ஏன்?

பதில்: காலை அளவு 3-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை ஏறக்குறைய நிச்சயம், 15-க்கு மேல் இருந்தால் அநேகமாக இல்லை. நடுவில் இருப்பவர்களுக்கு அறிகுறியும் இருந்தால், சுரப்பியை ஏவிப் பார்ப்பதே வழி. முதலில் ஒரு ரத்த சாம்பிள், பிறகு செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி, 30-ஆவது நிமிடமும் 60-ஆவது நிமிடமும் மறுபடி ரத்தம். உச்சம் 18-ஐத் தாண்ட வேண்டும் என்பது பழைய கணக்கு; புதிய கருவிகளில் 14, 15 போதும். எனவே எல்லையை அந்த லேபிடமே கேட்க வேண்டும். கூடவே ஏசிடிஎச் அளவும் எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கை: அது சீக்கிரம் சிதையும். ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் சேவையில் இது பல சமயம் நடப்பதில்லை. லேபுக்கே நேரில் போங்கள்.

கேள்வி: கார்டிசால் அதிகம் என்று சந்தேகப்பட்டு, இரவில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்களே, இது என்ன வைத்தியம்?

பதில்: வைத்தியம் இல்லை, சோதனை. இரவு 11-க்கும் 12-க்கும் இடையில் டெக்சாமெத்தசோன் 1 மி.கி. (0.5 மி.கி. மாத்திரை என்றால் இரண்டு), மறுநாள் காலை 8-க்கும் 9-க்கும் இடையில் ரத்தம். ஒழுங்கான பிட்யூட்டரி அந்த மாத்திரையைக் கண்டு அடங்கிவிடும்; காலையில் கார்டிசால் 1.8-க்கு மேல் இருக்காது. டெக்சாமெத்தசோனைக் கருவி கார்டிசாலாக எண்ணாது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தப்பாகிற இடங்கள்: மாத்திரையை மறப்பது, சாயங்காலமே போட்டுவிடுவது, ரத்தம் கொடுக்க மதியம் போவது. வலிப்புக்கான பெனிட்டாயின், கார்பமசெப்பைன், காசநோய்க்கான ரிபாம்பிசின் ஆகியவை டெக்சாமெத்தசோனைக் கல்லீரலில் விரைவாகச் சிதைத்துவிடும். ரிப்போர்ட் பொய்யாக உயர்ந்து வரும். முதல் கேள்வியில் பார்த்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் அப்படியே. கடும் மனச்சோர்வு, குடிப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவற்றிலும் சரியாக அடங்காமல் போகலாம்.

அதனால் ஒரு சோதனையோடு முடிவு கட்ட மாட்டார்கள். இரவு 11 மணிக்கு மேல் எச்சில் சோதனை, குறைந்தது இரண்டு இரவு; அதற்கு அரை மணி முன்பிருந்து சாப்பிடுவது, பல் தேய்ப்பது, புகைப்பது கூடாது. அல்லது 24 மணி நேரச் சிறுநீர், இதுவும் இரண்டு முறை. காலை எழுந்ததும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததிலிருந்து ஒரு சொட்டு விடாமல் கேனில் சேருங்கள். மறுநாள் அதே நேரத்தில் வரும் முதல் சிறுநீர்தான் கடைசி. ஒரு தடவை தவறினாலும் புதிதாகத் தொடங்குங்கள். அன்றைக்கு 5 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் பொய்யாக ஏறும். சிறுநீரகம் பழுதென்றால் பொய்யாக இறங்கும்.

கேள்வி: 'அட்ரினல் சோர்வு' என்று சொல்லி, நாலு வேளை எச்சில் சோதனையும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொடரலாமா?

பதில்: அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவில்லை. உங்கள் சோர்வு பொய் என்று அர்த்தமில்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு இவற்றையெல்லாம் முதலில் பாருங்கள். அந்த மாத்திரைகளில் 'அட்ரினல் சாறு' என்று எழுதியிருந்தால் நிறுத்தும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

கேள்வி: அட்ரினலினும் மன அழுத்த ஹார்மோன்தானே? அதை ஏன் அளப்பதில்லை?

பதில்: ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடம்தான், ஊசி குத்துவதற்குள்ளேயே மாறிவிடும். ரத்த அழுத்தம் திடீர் திடீரென்று எகிறி, தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் சேர்ந்து வருகிறவர்களுக்கு மட்டும், அட்ரினல் கட்டியைத் தேடி, அதன் சிதைவுப் பொருளான மெட்டனெப்ரினை அளப்பார்கள். அதற்கும் 20, 30 நிமிடம் மல்லாந்து படுத்திருந்து, படுத்த நிலையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து கொடுத்து உயர்வாக வந்திருந்தால், ஸ்கேனுக்கு ஓடும் முன் படுத்த நிலையில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.