விலை உயர்ந்த லென்ஸ் இல்லாமல் புகைப்படம் எடுக்கப் பழக முடியுமா? நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?

முடியும். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கையில் இருப்பது பழைய கேனான் ஒன்று, அதோடு வந்த 18-55 எம்எம் லென்ஸ் (18-இல் காட்சி அகலமாகும், 55-இல் கொஞ்சம் கிட்டே வரும்), பிறகு வாங்கிய மலிவு லென்ஸ்கள் இரண்டு. கல்யாண ஆர்டர் எடுப்பவன் இல்லை, மண்டி விட்டு வந்து கண்ணில் பட்டதை எடுப்பவன். அந்த அளவில் இதை வாசியுங்கள்.

வாங்கிய புதிதில் எல்லாரையும் போல நானும் ஊர் ஊராக அலைந்தேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் 55 எம்எம்மில் வரித்தலை வாத்து எடுத்து வந்தேன். மைனி (அண்ணி) பார்த்துவிட்டு, "குளத்துல மொளகக் கொட்டுன மாதிரில்லா இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

வெளிச்சம் எனக்குப் பிடிபட்டது வீட்டுக்குள்தான். எங்களுடையது ஓட்டு வீடு. பட்டாசலில் (கூடத்தில்) ஒரே ஒரு கண்ணாடி ஓடு. காலை பத்தேகால் வாக்கில் அது வழியாக ஒரு முறம் அளவுக்கு வெயில் இறங்கும். ஒரு நாள் ஆச்சி அங்கே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் காதுக்குப் பின்பக்கமாக விழுந்தது. பாம்படம் என்ற கனத்த காதணி போட்டு வளர்த்த காது. பாம்படத்தை விற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, காது மட்டும் தோள் வரை தொங்குகிறது. அந்தத் தோல் வளையம் உள்ளுக்குள் விளக்கு வைத்தது போலச் சிவந்து நின்றது. ஓரத்தில் இருந்த பூனைமுடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் படம் வெளிறிக் கிடந்தது. பின்னால் இருந்த இருட்டுச் சுவரை நம்பி கேமரா மொத்தத்தையும் வெளுத்துவிட்டது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை இரண்டு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் கால்வாசியாக) குறைத்த பிறகுதான் காது காதாக வந்தது, சுவர் கன்னங்கறுப்பாகப் போனது. "ஏலே, மூஞ்சிய விட்டுட்டு ஓட்டக் காதப் போயி புடிக்கியே" என்று ஆச்சிக்கு ஒரே சிரிப்பு. இதுவரை நான் எடுத்ததில் இதுதான் நல்ல படம்.

அதற்கப்புறம் மண்டியின் பழைய நோட்டு ஒன்றில் வெளிச்சத்துக்கும் கணக்கு எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணி, எந்த வாசல், எந்தப் பக்கத்து வெயில் என்று. கற்றுக்கொள்ள வீட்டுச் சாமானே போதும். எங்களிடம் ஒரு பத்தமடைப் பாய் உண்டு. அதற்கு நேராக ஃப்ளாஷ் அடித்து எடுத்தேன், வெறும் மஞ்சள் காகிதம் போல வந்தது. அதே பாயைச் சாயங்காலம் வாசல் ஓரம் விரித்து, வெயில் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் வரும்போது எடுத்தேன். ஒவ்வொரு கோரையும் தன் நிழலோடு எழுந்து நின்றது. கேமராவும் அதுதான், லென்ஸும் அதுதான்.

முகம் எடுப்பவர்களுக்கு ஒன்று. சித்திரை பிறக்கும் சமயம் நம் பக்கம் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது யாரை எடுத்தாலும் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் இருக்கும். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இரண்டு கொடி கட்டி, எட்டு முழ வேட்டியைப் பந்தல் போல விரித்து அதன் கீழே ஆளை உட்கார வையுங்கள். வெயில் பாலாக இறங்கும். கீழேயிருந்து வெளிச்சம் போதவில்லையென்றால் மடியில் ஒரு தெர்மாகோல் அட்டை. ஆனி, ஆடிச் சாரலில் இந்த வேலை எல்லாம் வேண்டாம், வானமே வேட்டி விரித்துவிடும்.

இனி லென்ஸ் சோதனை. முதலில் பழைய சோவியத் லென்ஸ், ஹீலியோஸ் 44-2. 58 எம்எம், எஃப்/2. எஃப் எண் என்பது அபர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது. எம்42 என்ற திருகு மாடல் என்பதால், என்னுடையது போன்ற கேனான் டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி இல்லாத ஒரு மெல்லிய வளையம் போட்டாலே தூரத்துக் காட்சி வரை ஃபோகஸ் ஆகும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அப்படி ஆகாது, லென்ஸுக்கும் படம் பதியும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். ஃபோகஸ், அபர்ச்சர் எல்லாமே கையால்தான். ஆற்றங்கரை மருத மரங்களைப் பின்னால் வைத்து எஃப்/2-இல் எடுத்தால் இலை இடுக்கு வெளிச்சம் ஆளைச் சுற்றிச் சுழலும். முதல் வாரம் அதிசயமாக இருந்தது. அப்புறம் எல்லாப் படமும் ஒரே படம் போலத் தெரிய, இப்போது எப்போதாவதுதான் எடுக்கிறேன்.

அதைவிட லாபம், சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்க 18-55 லென்ஸையே முன்பின்னாகத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங். ஜூமை 18 பக்கம் வைத்தால்தான் பெரிதாகத் தெரியும், 55 பக்கம் குறைவு. கருப்பட்டியில் மொய்த்த எறும்பை எடுத்தேன். மீசை ஃபோகஸில் இருந்தால் கண் இல்லை, கண் இருந்தால் கால் இல்லை. அபர்ச்சர் முழுக்கத் திறந்தே இருப்பதுதான் காரணம். லென்ஸை நேராக மாட்டி எஃப்/8 வைத்து, அபர்ச்சரை வைத்த அளவுக்குச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பட்டனை அமுக்கியபடியே கழற்றினால் அது அந்த அளவிலேயே நின்றுகொள்ளும். பிறகு திருப்பி மாட்டலாம்.

ராத்திரி வெளிச்சத்தில் நான் பட்ட பாடு எங்கள் கோயில் கொடையில். வில்லுப்பாட்டு நடக்கிறது, வில்லை அடிக்கும் வீசுகோல் அசையாமல் வரட்டும் என்று ஷட்டரை 1/1000 நொடியில் வைத்தேன். படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டை. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல மலிவு எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 1/100-க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது. வீசுகோல் கலங்கித்தான் வந்தது, ஆனால் அடிக்கிற அடி தெரிந்தது.

காசு கூடினால் 50 எம்எம் எஃப்/1.8 ஒன்று வாங்குங்கள், போதும். பழையதாக வாங்குவதானால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கிய ஒன்றுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை இருந்தது, பணம் போனது போனதுதான். சாரல் மாதங்களில் லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் நீலநிறச் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீலமணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், லேசாக வறுத்தால் மறுபடி நீலமாகும். அதற்கென்று தனிச் சட்டி வேண்டும், அந்த நீலம் சாப்பாட்டுப் பாத்திரத்தில் படக் கூடாது. நான் முதல் தடவை வறுத்தது மைனியின் தோசைக்கல்லில். அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை. புதுக்கல் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்கு வீட்டில் தோசை கிடைத்தது.