ஒருவருக்குச் சொன்ன மருந்து

அன்புள்ள ஐயா,

66 வயதாகும் என் தந்தைக்கு இதய நோய் எதுவும் இருந்ததில்லை. ஓர் இதய மருத்துவர், சமூக ஊடகத்தில் யாரோ கேட்ட கேள்விக்கு, ‘தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுங்கள், நிறுத்தவே கூடாது’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இவரும் தொடங்கினார். சில மாதங்களில் மலம் கருப்பாகப் போய், இரைப்பையில் ரத்தக்கசிவு என்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது நலமாக இருக்கிறார். அந்த மருத்துவர் செய்தது தவறா? மருத்துவர்கள் இப்படி ஆலோசனை சொல்வதையே தடை செய்துவிட்டால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் தந்தை தேறிவிட்டார் என்பதில் நிம்மதி. அந்த மருத்துவரின் பதில், கேட்டவரைப் பொறுத்தவரை சரியாகவே இருந்திருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். மாரடைப்பு வந்தவருக்கும் இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட்டைப் பொருத்திக்கொண்டவருக்கும் ஆஸ்பிரின் உயிர் காக்கும் மருந்து. ஸ்டென்ட் வைத்தவர் தன்னிச்சையாக நிறுத்தினால் அதற்குள் ரத்தம் உறைந்து ஆபத்தாக முடியலாம். இதய நோயே இல்லாத முதியவருக்கோ, அதன் பலனைவிட ரத்தக்கசிவு அபாயமே மேலோங்கிவிடுகிறது. 60 வயதைக் கடந்தவர்கள் முதல் மாரடைப்பைத் தடுப்பதற்கென்று ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-ல் பரிந்துரைத்தது.

நேரில் பார்க்கும் மருத்துவர், முன்பு வயிற்றுப் புண் இருந்ததா, மூட்டுவலிக்கு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டே இந்த மருந்தை எழுதுவார்; எழுதியதற்குப் பதிவும் இருக்கும், பிறகு நேர்வதற்குப் பொறுப்பும் இருக்கும். பொதுவெளியில் ஒருவருக்குச் சொல்லும் பதிலை, கேட்காத ஆயிரம் பேர் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். இதை முன்கூட்டியே உணர வேண்டியவர் மருத்துவர்தான். உங்கள் தந்தை அல்லர். ஆகவே அந்த மருத்துவர் செய்தது தவறு என்றே கருதுகிறேன். மாத்திரையின் அளவை எழுதிவிட்டு, ‘இது மருத்துவ ஆலோசனை அல்ல’ என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பவர்களும் உண்டு. (அந்த வரி வழக்கறிஞருக்காக எழுதப்படுவது என்பது என் சந்தேகம்.) நோயாளியின் ஸ்கேன் படத்தை அனுமதியின்றி வெளியிடுவது, நிறுவனத்திடம் பணம் வாங்கியதை மறைத்து அதன் மருந்தைப் புகழ்வது ஆகியவை தவறென்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஆனால் தடையை நான் ஏற்க மாட்டேன். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. 2010-ல் அவ்விதழ் அதைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. அந்த அச்சமோ இன்னும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லக்கூடிய மருத்துவர்களையும் வெளியேற்றிவிட்டால், களம் முழுவதும் அச்சத்தை விற்பவர்களுடையதாகிவிடும். உலக மருத்துவச் சங்கமும் 2011-ல் வெளியிட்ட அறிக்கையில் சமூக ஊடகத்தை விலக்கச் சொல்லவில்லை. நோயாளியின் அந்தரங்கத்தையும் தொழில்முறை எல்லைகளையும் அங்கேயும் காக்கச் சொன்னது.

‘ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள்; இதய நோய் இல்லாதவர்கள் தாமாகத் தொடங்காதீர்கள்’ என்று அந்த இதய மருத்துவர் எழுதியிருந்தால், கேட்டவருக்கும் உங்கள் தந்தைக்கும் சேர்த்தே உதவியிருக்கும். நடந்ததை விவரித்து அவருக்கே எழுதுங்கள். அந்தப் பதிலைத் திருத்தவும், திருத்தியதைப் படிப்பவர்களுக்குத் தெரியும்படி சொல்லவும் அவருக்குக் கடமை இருக்கிறது.